பொக்கை வெளிச்சமும் பாதிப் படமும்

சினிமா தியேட்டர் பெஞ்சுக்கு அடியில் ஒரு பெண் எவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க முடியும் என்பது எனக்குப் பத்தொன்பது வயதில் தெரிந்தது. அதிக நேரம் முடியாது. கீழே வேர்க்கடலைத் தோல், சிந்திய சோடா, யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு, ஒரு பீடித் துண்டு. பெண்கள் பகுதியில் பீடி எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்கு ஒரு பக்கம் ஹமீதா, மறுபக்கம் மருதாயி. மூன்று பேரும் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறை. லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு தியேட்டருக்கு மாட்னி ஷோ பார்க்க வந்திருந்தோம். அறுபதுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியூஸ் ரீல் முடிந்து படம் தொடங்கியிருந்தது. அப்போது வாசல் திரையை விலக்கிக்கொண்டு ஒரு டார்ச் வெளிச்சம் உள்ளே வந்தது. தரையில் ஊர்ந்தது. சுவரில் ஒரு தரம் ஏறி இறங்கியது.

"பொக்கை!" என்றாள் ஹமீதா.

அடுத்த கணம் மூன்று பேரும் பெஞ்சுக்கு அடியில் இருந்தோம்.

ஐந்து கட்டை

பெஞ்சுக்கு அடியில் எங்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வாருங்கள். அந்த வெளிச்சம் யாருடையது என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் வார்டன் வேதவல்லி மிஸ். ஸ்ரீரங்கத்துக்காரர். கல்லூரியில் எங்களுக்கு ஃபிசிக்ஸ் எடுப்பார், மாலையில் ஹாஸ்டலில் எங்கள் உயிரை எடுப்பார். சாம்பல் நிறத்திலோ காவி நிறத்திலோ கரையில்லாத புடவை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவர் போய்விட்டார், அதன் பிறகுதான் படித்து வேலைக்கு வந்தார் என்று சமையற்கட்டில் சொல்வார்கள். எங்கள் கண்ணுக்கு அவர் கிழவி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்போது அவருக்கு முப்பது தாண்டி இரண்டு மூன்று வயது இருந்திருக்கும். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவரிடம் ஒரு ஐந்து கட்டை டார்ச் லைட், அதாவது ஐந்து பேட்டரி போடுவது, இருந்தது. ஊரில் சாதாரணமாக எல்லோரும் இரண்டு கட்டை வைத்திருப்பார்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் மூன்று கட்டை. ஐந்து கட்டை என்றால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். பளபளவென்று வெள்ளி மாதிரி. தலையைத் திருகினால் வெளிச்சம் குவியும், விரியும். பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்கு நடுவே ஒரு உபரி பல்பு தூங்கிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஸ் பேட்டரிக் கட்டைகளை வெளியே எடுத்து, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அப்பளம் மாதிரி வரிசையாக வெயிலில் காய வைப்பார். கட்டைக்கு உயிர் வரும் என்று ஊர் முழுக்க நம்பியது. ஃபிசிக்ஸ் படித்தவரும் நம்பினார்.

ஒன்பது மணிக்கு விளக்கணைத்த பிறகு அந்த டார்ச்சோடு ஒரு சுற்று வருவார். பேசுகிறவள், நாவல் படிக்கிறவள், தின்கிறவள் எல்லோரும் அந்த வெளிச்சத்தில்தான் மாட்டுவார்கள். ஹமீதா மணப்பாறைக்காரி. வீட்டிலிருந்து டின் நிறைய முறுக்கு வரும். இருட்டில் சத்தமில்லாமல் முறுக்குத் தின்பது எவ்வளவு பெரிய வித்தை என்று தின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாயில் ஊற வைத்து, கரைந்த பிறகு விழுங்க வேண்டும். அப்படித் தின்றால் அது முறுக்கே இல்லை என்று ஹமீதா அழாத குறையாகச் சொல்வாள்.

(போன வாரம் எங்கள் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகி கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். அவர் காலத்தில் சாம்பார் நன்றாகத்தான் இருந்ததாம். வேறு ஹாஸ்டலாக இருக்க வேண்டும். எங்கள் சாம்பார் நன்றாக இருந்திருந்தால் நாங்கள் ஏன் முறுக்கை நம்பி வாழப் போகிறோம்?)

எங்கள் அகராதி

இந்தக் காலத்தில் டார்ச் லைட்டையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. என் மாப்பிள்ளை அதில் ஒருவர். சாப்பிட உட்கார்ந்தால் போதும், எந்த லைட் எவ்வளவு தூரம் அடிக்கும், எது பக்கவாட்டில் பரவும், நடுவில் எவ்வளவு பிரகாசம், பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லி விளக்குவார். நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ரசம் ஊற்றுவேன். இதற்கெல்லாம் நாங்கள் எப்போதோ தமிழில் பெயர் வைத்துவிட்டோம் என்று அவரிடம் சொன்னதில்லை. மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது.

அந்தப் பெயர்களில் முக்கால்வாசி ஹமீதா வைத்தது. வெளிச்சத்தின் நடுவில் சுள்ளென்று ஒரு வட்டம் விழுமே, அது 'பொட்டு'. அதைச் சுற்றி மங்கலாக விரிந்து கிடப்பது 'பாவாடை'. பொட்டில் மாட்டினால் செத்தாய், பாவாடையில் மாட்டினால் தூங்குகிற மாதிரி நடித்துத் தப்பிக்கலாம். வெளிச்சம் எட்டுகிற தூரம் 'எறி'. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடித் தண்ணீர்ப் பானை வரைக்கும் மிஸ்ஸின் டார்ச்சுக்கு எறி உண்டு. தலையைச் சரியாகத் திருகாவிட்டால் நடுவில் இருட்டாக ஓட்டை விழும். அது 'வடை'. வடை விழுந்த நாளில் ஓட்டைக்குள் நின்றுகொண்டே ஹமீதா ஒரு முழு முறுக்கைத் தின்றிருக்கிறாள்.

பேட்டரி தீர்ந்து வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, தூங்கி வழிந்தால் 'கொட்டாவி'. உள்ளே சரியாகத் தொடாமல் விட்டு விட்டு எரிந்தால் 'விக்கல்'. விக்கல் எடுத்தால் மிஸ் டார்ச்சின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். குழந்தைக்குச் செய்கிற மாதிரியே இருக்கும்.

நாங்கள் அந்த டார்ச்சை வெறுத்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு அதன் மேல் ஒரு மையலே இருந்தது. ஒரு நாள் மாடிப்படியில் பூனை குறுக்கே பாய்ந்து, மிஸ் அதைக் கை நழுவ விட்டுவிட்டார். எரிந்தபடியே படிப்படியாக உருண்டு, சுவரெல்லாம் வெளிச்சத்தை வாரி இறைத்துக்கொண்டு கீழே போய் விழுந்தது. அறைக்குள்ளிருந்து மூன்று பேரும் "ஐயோ!" என்று நிஜமாகவே பதறினோம்.

டார்ச் பிழைத்தது. ஆனால் உள்ளே இருக்கும் பளபளக் கிண்ணம் ஓர் ஓரத்தில் நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து அதன் வெளிச்ச வட்டத்தில் வலது பக்கம் ஒரு துண்டு இல்லை, முன்பல் விழுந்த வாய் மாதிரி. ஹமீதா அதற்குப் 'பொக்கை' என்று பெயர் வைத்தாள். திருச்சி ஜில்லா முழுவதிலும் அப்படி ஒரு வெளிச்சம் ஒன்றுதான் இருக்க முடியும்.

அந்தப் பொக்கைதான் இப்போது தியேட்டர் சுவரில் ஏறி இறங்கியது.

மருதாயிக்கு மட்டும் வேறு கணக்கு

நானும் ஹமீதாவும் மாட்டிக்கொண்டால் திட்டு விழும், அதிகம் போனால் ஒரு மாதம் வெளியே விட மாட்டார்கள். என் அப்பா ரயில்வேக்காரர். விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புகார் போனால் சிரித்துவிட்டு, என்ன படம் என்றுதான் கேட்டிருப்பார்.

மருதாயி விஷயம் அப்படி இல்லை. அவள் வையம்பட்டிப் பக்கம் ஒரு சம்சாரி வீட்டுப் பெண். கடலை போட்டு, கிணற்றை நம்பிப் பிழைக்கிற குடும்பம். அந்த ஊரிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் பெண். அவள் அப்பா ஹாஸ்டலில் விட வந்த அன்று எங்கள் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

"ஏத்தா, இங்கேருந்து ஒரு பேச்சு, ஒரே ஒரு பேச்சு உன்னப் பத்தி வந்துச்சுன்னு வையி, அன்னிக்கே பொட்டிய கட்டிருவேன். தை பொறந்ததும் உங்க மாமனுக்கு முடிச்சு வச்சிட்டுத்தான் மறுவேல."

மாமனுக்கு மாட்டுத் தரகு. மணப்பாறைச் சந்தையில் ஒரு காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பது மாதிரியேதான் தன்னையும் பார்க்கிறார் என்று மருதாயி சொல்வாள்.

அவள் பயந்தவள். ஆனால் கதை என்றால் உயிர். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்ததுதான் அவளுக்கு சினிமா. "நிஜத் தியேட்டர்ல ஒரு தடவ" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அவளுடைய இன்னொரு குணத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். பரீட்சையில் தெரியாத கேள்விக்குத்தான் கூடுதல் பேப்பர் கேட்டு வாங்குவாள்.

பொட்டில் மாட்டியவள்

பெஞ்சுக்கு அடியில் நானும் ஹமீதாவும் நன்றாகப் பதுங்கிவிட்டோம். மருதாயியால் முடியவில்லை. அவளுடைய நீளப் பின்னல் பெஞ்சின் ஆணியில் மாட்டிக்கொண்டது. தலை மட்டும் மேலே இழுபட்டு, உடம்பு கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் காலி இடம் தேடி எங்கள் வரிசைக்குள் வந்தது. முதலில் பாவாடை. பிறகு பொட்டு. நேராக மருதாயியின் முகத்தில் போய் நின்றது.

வெளிச்சம் அங்கிருந்து நகரவில்லை. மருதாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் அடுத்தவருக்குத் தெரியாது என்று சின்னக் குழந்தைகள் நினைப்பார்களே, அப்படி.

பின்னாலிருந்து ஒரு அம்மாள் கத்தினார். "ஏம்மா, லைட்ட அணைம்மா! அங்க படம் ஓடுதா, அவ மூஞ்சில ஓடுதா?"

பிறகு நடந்ததை நான் பெஞ்சுக்கு அடியிலிருந்து பார்த்தேன். டார்ச் மெதுவாகத் திரும்பியது. திரையின் பக்கம் போகவில்லை, வாசலுக்கும் போகவில்லை. பிடித்திருந்தவரின் பக்கமே திரும்பியது. பொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. வேதவல்லி மிஸ். முக்காடு போட்டிருந்தார். கண் கூசி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு கணம்தான், உடனே அணைந்துவிட்டது.

அணைக்கப் போய்க் கை தவறித் திரும்பிவிட்டது என்று ஹமீதா இன்றும் சாதிக்கிறாள். அதற்குள் கண்ணைத் திறந்துவிட்டிருந்த மருதாயி ஒத்துக்கொள்வதில்லை. "என்னயப் பாத்தாங்க. அப்புறம் அவங்களையும் பாத்துக்கன்னு காட்டுனாங்க" என்பாள். நான் மருதாயி கட்சி.

எங்களைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புத்தியில் உறைத்தது. பிடிக்க வருகிறவர் முக்காடு போட்டுக்கொண்டு ஏன் வருகிறார்? சனிக்கிழமை தோறும் மத்தியானமே ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, பெருமாளைச் சேவித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போகிறவர், தெப்பக்குளத்தில் ஏன் இறங்குகிறார்? படம் பார்க்க வந்திருக்கிறார்! விளக்கணைந்த பிறகு வருகிறார். டிக்கெட் கிழிக்கிறவன் டார்ச் அடித்து இடம் காட்டினால் முகம் தெரிந்துவிடும் என்று சொந்த டார்ச்சோடு வருகிறார். ஸ்ரீரங்கத்தில் அவருடைய மனிதர்களுக்குத் தெரிந்தால் மருதாயி பாடு தேவலை என்று ஆகியிருக்கும்.

அவர் திரும்பிப் போகவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். எங்கள் வரிசையின் கடைசியிலேயே உட்கார்ந்தார். நாங்களும் மெதுவாகப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தோம், மருதாயி ஆணியில் மாட்டிய பின்னலோடு.

படத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. புருஷன் கப்பலேறிப் போனான். கப்பல் மூழ்கிவிட்டதாகத் தந்தி வந்தது. அவள் தந்தியோடு வாசலில் நிற்கும்போது எங்கள் வரிசையின் கோடியில் ஒரு நிழல் எழுந்து, டார்ச் அடிக்காமல் தட்டித் தடவி வெளியே போனது. உடனே இடைவேளை விளக்குப் போட்டார்கள். மருதாயி தேம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் படத்துக்காக அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள்.

மீதிப் படத்தை யார் பார்த்தது? பின்னலை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு அப்படியே ஹாஸ்டலுக்கு ஓடி வந்துவிட்டோம்.

மிஸ் ரூம்

அன்று மாலை மிஸ் வழக்கம் போல் துளசியும் பிரசாதமுமாக வந்தார். மீதி நேரத்தில் நிஜமாகவே ரங்கநாதரையும் சேவித்திருக்கிறார். மருதாயிக்கும் ஒரு விள்ளல் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறும் சொல்லவில்லை. ஒன்பது மணிச் சுற்றில் பொக்கை வெளிச்சம் எங்கள் அறை வாசலை மட்டும் தாண்டிப் போயிற்று.

திங்கள் மாலை ஆயா வந்தாள். "மருதாயிப் பாப்பாவ மிஸ் ரூமுக்கு வரச் சொல்றாங்க."

மருதாயி தன் டிரங்குப் பெட்டியைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் ஹமீதாவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். முறுக்கு டின் பக்கத்தில் இருந்தும் ஹமீதா அதைத் தொடவில்லை. நாங்கள்தானே இழுத்துக்கொண்டு போனோம்.

இருட்டிய பிறகு மருதாயி வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எழுதப் போறாங்களா?" என்றேன்.

"நானும் அதான்டி கேட்டேன். எங்கய்யாவுக்கு எழுதுவீங்களா மிஸ்னு. 'யாருக்கு? என்னன்னு எழுதறது? உங்க பொண்ணை நான் எங்கே பார்த்தேன்னு எழுதறது?'ன்னு கேக்குறாங்க."

ஹமீதா "யா அல்லா" என்று மூச்சு விட்டு, உடனே டின்னைத் திறந்தாள்.

"அப்புறம் எதுக்குடி இவ்வளவு நேரம்?"

"படத்துல மீதி என்ன ஆச்சுன்னு கேட்டாங்க." மருதாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இடைவேளைல லைட்டு போட்டுருவாங்களாம், யாராவது பாத்துருவாங்களாம். அதனால எப்பவும் பாதிலயே எந்திரிச்சு வந்துருவாங்களாம். இத்தனை வருஷமா எல்லாப் படமும் பாதிதான் பாத்திருக்காங்களாம்டி."

"நாமளும்தானே வந்துட்டோம்? தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வரல."

கதையை அவளே கட்டிவிட்டிருந்தாள். கப்பலில் போனவன் போனவன்தான். அந்தப் பெண் கொஞ்ச நாள் அழுகிறாள். பிறகு நகையை விற்று மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில் போடுகிறாள். ஏன் மண்ணச்சநல்லூர் என்று கேட்டேன். வேறு ஊரில் ரைஸ் மில் இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்றாள். முதலில் நெல் கொண்டுவர ஆளில்லை. ஊர் ஒதுக்குகிறது. ஒரு மழைக்காலத்தில் மற்ற மில்காரர்கள் ஈரநெல்லை வாங்க மாட்டேன் என்கிறார்கள், அவள் வாங்கிக்கொள்கிறாள். வண்டி வண்டியாக வருகிறது. மாமியார் வந்து கல்லாவில் உட்காருகிறாள். அந்தப் பெண் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு மில்லுக்குள் வளைய வருகிறாள். சுபம்.

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"பச்சைப் புடவையான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, நீ போடின்னுட்டாங்க."

நானும் ஹமீதாவும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் படுத்துவிட்டோம். மருதாயி மட்டும் சிரிக்கவில்லை. யாராவது அந்தப் படத்தின் கதையை மிஸ்ஸிடம் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற புதுப் பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. (பயந்தபடியே பி.எஸ்ஸி. முடித்தாள். பிறகு ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே பயமுறுத்தினாள். தரகு மாமன் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார்.)

மொட்டை மாடி

அடுத்த சனிக்கிழமை மாலை அட்டெண்டன்ஸ் எடுக்கும் பொறுப்பை மிஸ் மெஸ் மேட்ரனிடம் விட்டுவிட்டுப் போனார். அதற்கு முன் அப்படிச் செய்ததே இல்லை. இருட்டிய பிறகுதான் திரும்பினார். அன்று துளசி வரவில்லை.

ஞாயிறு காலையில் நானும் மருதாயியும் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மிஸ் வந்தார். பேட்டரிக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கைப்பிடிச் சுவரில் அடுக்கினார். எங்களைப் பார்க்காமலே பேசினார்.

"நேத்து இடைவேளையிலே லைட்டைப் போட்டா. நான் எழுந்துக்கலை. அப்படியே உக்காந்துண்டிருந்தேன்."

நாங்கள் துணியைப் பிழிவதை நிறுத்தினோம்.

"ஒத்தரும் ஒண்ணும் கேக்கலைடி. பக்கத்திலே ஒரு மாமி, எள்ளுருண்டை வேணுமான்னு கேட்டா. வாங்கிண்டேன்."

பிறகு திரும்பி மருதாயியைப் பார்த்தார். "நீ சொன்ன கதை அதிலே இல்லையே?"

மருதாயியின் கையிலிருந்த ஈரப் பாவாடை தரையில் விழுந்தது. "மிஸ், நான்... வந்து..." என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு விடை வரவில்லை. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"அவன் சாகலையாம். கடைசியிலே கப்பல்லேர்ந்து எறங்கி வந்துடறான். இவ ஓடிப்போய் அவன் கால்லே விழறா. எல்லாரும் கை தட்டறா."

கடைசிக் கட்டையை எடுத்து அடுக்கினார். அது உருண்டது. பிடித்து நேராக வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு என்னமோ மாதிரி இருந்தது.

"நீ சொன்னதுதான்டி நன்னாயிருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, படிப்பக்கம் யாரும் வருகிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு கேட்டார். "அந்த ரைஸ் மில்லு... அப்புறமும் நன்னா ஓடித்தா?"

"ரெண்டாவது மில்லும் போட்டுட்டா மிஸ்" என்றாள் மருதாயி.